மய்யித் குளிப்பாட்டும் நால்வருக்கு நான் போட்ட மதிப்பெண்

"பயனாளிகளிடமிருந்து கருத்து பெறும் முறை உங்கள் குழுவில் உள்ளதா?" என்று நான் படிவத்தைப் பார்த்து வாசித்தபோது, எதிரே பாயில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் பெண்கள் யாராவது மௌத்தானால், போய் மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்திக் கொடுப்பதுதான் அவர்களுடைய குழுவின் வேலை. பயனாளிகள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் பின்னால் கபரஸ்தானில் இருந்தார்கள். கருத்துச் சொல்லும் நிலையில் ஒருவரும் இல்லை. நான் கையிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை' என்று தட்டினேன். இரண்டு மதிப்பெண் போயிற்று.

எனக்கு அப்போது அதுதான் வேலை. சென்னையில் ஓர் அறக்கட்டளை, பெயர் வேண்டாம், கடலோரத்துத் தன்னார்வக் குழுக்களுக்கு உதவி செய்வது என்று முடிவெடுத்திருந்தது. உதவுவதற்கு முன்னால் அவர்களுக்கு என்ன தேவை என்று தெரிய வேண்டுமாம். தெரிந்துகொள்ள ஒரு படிவம் வேண்டும். படிவம் தயாரிக்க ஒரு நிபுணர் வேண்டும். அவர் விமானத்தில் வந்து, ஏசி அறையில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தில் கடலைப் பார்த்துவிட்டு, அறுபத்திரண்டு கேள்விகள் எழுதிக் கொடுத்துப் போனார். 'உங்களுக்கு என்ன வேணும்?' என்ற கேள்வி அந்த அறுபத்திரண்டில் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று பயந்திருப்பாரோ என்னவோ. நான் அதைப் பயிற்சி வகுப்பில் கேட்டேன், அது கேள்வி எண் நாற்பத்தேழில் மறைமுகமாக வருகிறது என்று பதில் கிடைத்தது.

மதிப்பெண் முறை இன்னும் அழகு. நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வாங்கிய குழு 'முதிர்ந்த குழு', அதற்குப் பொருளுதவி உண்டு. அறுபதுக்குக் கீழே போனால் 'வளரும் குழு', அதற்குப் பயிற்சி மட்டும்தான். அதாவது எல்லாம் இருக்கிறவர்களுக்குப் பொருள். ஒன்றும் இல்லாதவர்களுக்கு, ஏன் ஒன்றும் இல்லை என்று இரண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாட்டுடன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. மிளகாயும் ஆடும் தெரியும். கடல் தெரியாது. ஆனால் சென்னையிலிருந்து பார்த்தால் மாவட்டம் மொத்தமும் ஒரே ஊர்தான் என்பதால், என்னைக் கடலோர வாழ்க்கையில் கரை கண்டவள் என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வேலை தேவைப்பட்டது.

பாம்பனில் கருவாடு காயப்போடும் பெண்கள் குழு ஒன்றைப் பார்த்தேன். அவர்களுக்கு ஏற்கெனவே மூன்று அமைப்புகள் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுத்து முடித்திருந்தன. குழுவில் இருந்த அத்தனை பேரும் தலைவிகளாகிவிட்டார்கள், உறுப்பினர் என்று ஒருவரும் மிச்சமில்லை. கருவாட்டை நாய் இழுக்காமல் இருக்க ஒரு கம்பி வேலி கேட்டார்கள். படிவத்தில் வேலிக்கு இடம் இல்லாததால் நான்காவது முறையாகத் தலைமைப் பண்புப் பயிற்சி என்று பதிந்துகொண்டு வந்தேன். என் சொந்தப் பக்கத்திலேயே, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்ட ஆளில்லாமல் தவித்த ஒரு குழுவுக்குக் கணினிப் பயிற்சி போனது. அவர்கள் அதிலும் குறை சொல்லவில்லை, வந்த சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள்.

இப்படி இருந்தபோதுதான் இந்த நால்வரிடம் போய்ச் சேர்ந்தேன். ஊர் தேவிபட்டினத்துக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்த பட்டியலில் 'பெண்கள் குழு' என்று மட்டும் இருந்தது. சுயஉதவிக் குழு என்று நினைத்துப் போய், சேமிப்பு எப்படி என்று ஆரம்பித்தேன். மூத்தவர் சிரித்துவிட்டு இது வேறே குழு என்றார். ஊரே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடும், அவர்கள் பக்கத்தில் அக்காவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன்.

பதிவேடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இதுவரை எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருப்பீர்கள்? எண்ணியதில்லை. அல்லாவுக்காகச் செய்கிறதை எண்ணக் கூடாது என்றார் இன்னொருவர். புகைப்படம்? இந்தக் கேள்விக்கு நால்வருமே பதில் சொல்லவில்லை. உங்கள் பணியால் ஒருவர் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றபோது எனக்கே வாய் கூசியது. ஆனாலும் கேட்டேன், நட்சத்திரக் குறி போட்ட கேள்வி அது, பதில் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

லாத்தா பொறுமையாகச் சொன்னார். குளிப்பாட்டும் இடத்தில் கண்ணில் பட்டது எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. தழும்பு இருக்கும், கட்டி இருக்கும், அடிபட்ட தடம் இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாத எத்தனையோ இருக்கும். பார்க்கிறவர்கள் மறைத்துவிட வேண்டும், அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி. அந்த ஒன்றுக்காகத்தான் ஊர் இவர்களைக் கூப்பிடுகிறது. மற்றபடி தண்ணீர் ஊற்ற யாருக்கும் தெரியும் என்றார். ஆவணப்படுத்தல் என்ற பகுதிக்கு நான் பூஜ்யம் போட்டேன்.

மொத்தம் நாற்பத்தொன்று வந்தது. டேபை மூடிவிட்டு, படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டேன், என்ன வேண்டும் லாத்தா என்று. முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு மற்ற மூவரும் அவர் முதுகைக் காட்டினார்கள். வீடுகளில் குளிப்பாட்டும்போது மரப்பலகையை இரண்டு செங்கல் மேல் வைத்து, குனிந்தபடி ஒரு மணி நேரம் புரட்ட வேண்டும். லாத்தாவுக்கு முதுகெலும்புத் தட்டு விலகியிருந்தது. குனியவே கூடாது என்று ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு மய்யித்துக்குப் போய் வந்தால் மூன்று நாள் படுக்கை. அவர் நின்றுவிட்டால் மற்ற மூவரால் தூக்கிப் புரட்ட முடியாது. இடுப்பு உயரத்துக்கு, மடக்கி எடுத்துப் போகிற மாதிரி ஒரு மேசை, தண்ணீர் வடிய ஒரு துளை. ஜமாஅத்தில் கேட்டிருக்கிறார்கள். காலங்காலமாகப் பலகையில்தானே நடக்கிறது என்று, ஒரு நாளும் அந்தப் பலகைப் பக்கம் குனிந்து பார்த்திராதவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மேசை. வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தொன்று வாங்கிய குழுவுக்கு மேசை கிடையாது. பதிவேடு பராமரிப்பது எப்படி என்று மதுரையில் இரண்டு நாள் பயிற்சி மட்டும் உண்டு. அந்த நால்வரும் மதுரையில் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்து, மய்யித்துகளுக்கு வரிசை எண் போடக் கற்றுக்கொள்வதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன்.

படிவத்தின் கடைசியில் 'வெற்றிக் கதை' என்று ஒரு பகுதி உண்டு. பின்னணி, பிரச்சினை, தலையீடு, மாற்றம் என்று நான்கு பெட்டிகள். முன்பு, பின்பு என்று இரண்டு படங்கள் இணைக்கலாம், நல்லவேளையாக அது கட்டாயமில்லை. நல்ல கதை எழுதினால் இருபத்திரண்டு மதிப்பெண் வரை கிடைக்கும். ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். வயதான ஒரு தாய். மகன் வளைகுடாவில். மருமகள் ஒருத்திதான் வீட்டில். நெடுநாள் படுக்கை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நால்வரும் அந்தப் புண்ணைக் கண்டு கண் கலங்கி, நோகாமல் கழுவி, கௌரவமாக அனுப்பி வைத்தார்கள். முழுக்க முழுக்க நானாக எழுதியது. எழுதி முடித்து வாசித்தபோது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நம் கைச்சரக்கு நம்மையே அழவைக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அறுபத்து மூன்று மதிப்பெண். சென்னையிலிருந்து மேலாளர் போன் செய்து, படித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். இவ்வளவு நாளும் நான் அனுப்பிய உண்மைகளுக்கெல்லாம் அவர் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. மேசைக்கு உடனே அனுமதி கிடைத்தது.

மேசையும் வந்தது. எவர்சில்வர், மடக்குக் கால், சக்கரம், துளை, எல்லாம் சொன்னபடி. சொல்லாத ஒன்று, நான்கு பக்கமும் நீல எழுத்தில் அறக்கட்டளையின் பெயர். மய்யித்தை விளம்பரத்துக்கு நடுவிலா படுக்கவைப்பது என்று லாத்தா கேட்டார். படம் எடுக்க வந்தவர்கள் வேனில் ஏறும்வரை காத்திருந்து, நால்வரும் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து எழுத்தை எடுத்துவிட்டார்கள். லாத்தா மேசைப் பக்கத்தில் நின்று, குனியாமல் கையை நீட்டி அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை தடவிப் பார்த்தார். நல்லா இரும்மா என்று என் தலையில் கை வைத்தார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நான் பெரிய சமூக சேவகியாக உட்கார்ந்து வந்தேன்.

ஆறு மாதம் கழித்து 'உதவிக்குப் பிந்தைய மதிப்பீடு' என்று வேறொரு படிவத்தோடு மறுபடி போனேன். மேசை எத்தனை முறை பயன்பட்டது என்பது முதல் கேள்வி. மேசை ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. ஒரு முறைகூட இல்லை என்றார்கள். அதற்குள் ஊரில் இரண்டு பெண்கள் மௌத்தாகியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் வெளியூரிலிருந்து வேன் வைத்துக் குளிப்பாட்ட ஆள் கூட்டி வந்தார்களாம்.

ஏன் என்று கேட்டேன். மற்ற மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லாத்தாதான் உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அறக்கட்டளை பளபளவென்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த வெற்றிக் கதைகள். ஒரு பக்கத்தில் மேசையோடு நால்வரும் நிற்கும் படம், எதிர்ப் பக்கத்தில் என்னுடைய கதை. படத்தைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள், எழுத்தை யாரும் வாசித்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அது ஊர் வாட்ஸாப் குழுவில் போய், துபாயில் இருந்த, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஊர்க்காரன் ஒருவன் கண்ணில் பட்டுவிட்டது. அந்த வருஷம் அவனுடைய உம்மா மௌத்தாகியிருந்தார். நெடுநாள் படுக்கையில் இருந்தவர். மகன் வளைகுடாவில், மருமகள் ஒருத்திதான் வீட்டில். குளிப்பாட்டியது இந்த நால்வர்.

அதற்குப் பிறகு நடந்ததை லாத்தா சுருக்கமாகச் சொன்னார். எங்க உம்மாவைப் புழுக்க விட்டியா என்று அவன் மனைவியைக் கேட்டிருக்கிறான், அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் அக்கா வந்து லாத்தாவை நடுவீட்டில் நிறுத்தி, புண் இருந்ததா இல்லையா, பார்த்ததை எழுதக் கொடுத்தது நீதானா என்று கேட்டிருக்கிறார். எழுதக் கொடுக்கவில்லை என்று மட்டும் லாத்தா சொல்லியிருக்கிறார். புண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. கதையையும் லாத்தா வாய் திறக்காததையும் கூட்டிப் பார்த்து ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மருமகள் கவனிக்கவில்லை, இவர்கள் பார்த்ததை வெளியே விட்டுவிட்டார்கள்.

"நீ எழுதுனதாம்மா?" என்று கேட்டார். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசுவார்.

ஆமாம் என்றேன். மேசைக்காக எழுதினேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மேசை இருந்த மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறியா என்று கேட்டார். நான் அழுதுகொண்டே, நான்தான் கதை கட்டினேன் லாத்தா, அந்த அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது, புண் எதுவும் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாளே, நல்லதைச் சொல்வதில் தப்பு என்ன என்றேன்.

"நல்லதச் சொல்லலாந்தான். ஆனா இவளுக்கு இல்லைன்னு சொல்லிட்டு, நாளைக்கு இன்னொருத்திக்கு நான் சும்மா இருந்தா, அதுவே சொன்ன மாதிரி ஆயிரும்லம்மா" என்றார் லாத்தா. "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வாய மூடிக்கிறணும். இல்லைன்னா மூடுனதுக்கே அர்த்தமில்ல."

நான் எத்தனையோ கூட்டங்களில் தகவல் பாதுகாப்புக் கொள்கை என்று பத்துப் பக்கம் வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட இப்போது ஞாபகம் இல்லை.

மேலாளருக்கு போன் செய்தேன். கதை என் கற்பனை, அறக்கட்டளையின் பேரில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன். ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டதே என்றார் அவர். இப்போது கற்பனை என்று எழுதிக் கொடுத்தால் மற்றக் கதைகளையும் சந்தேகப்படுவார்களே என்றார். சந்தேகப்படட்டும் என்றேன். பிறகு, எனக்குக் களத்தகவல் நேர்மை பற்றி ஒரு பயிற்சி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நானும் ஒருவழியாக வளரும் குழுவில் சேர்ந்தேன்.

வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். இன்ன கதை, இன்ன தேதியில், டீக்கடையில் உட்கார்ந்து நானாக எழுதியது, இந்த நால்வரும் என்னிடம் எந்த மய்யித்தைப் பற்றியும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்தேன். படித்துவிட்டு, முத்திரை இல்லையே என்றார்கள். பொய்க்கு முத்திரை இருந்தது, இதற்கு இல்லை என்றேன். அவர்களில் பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த மருமகளின் வீட்டுக்குப் போனேன். என்னைவிட சிறியவள். யார் என்று சொன்னதும் கதவை மூடுவாள் என்று நினைத்தேன், உள்ளே வரச் சொன்னாள். அவள் கணவனிடம் பேச வேண்டும் என்றேன். அவள் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. என் போனிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்திலேயே அவளை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண், மேசை, டீக்கடை, எல்லாம்.

"எங்க உம்மா இல்லைன்னா அது யாரு?" என்று கடைசியில் கேட்டான்.

யாருமே இல்லை என்றேன். யாருமே இல்லாமல் எப்படி அப்படியே எங்கள் வீடாக இருக்கிறது என்று கேட்டான். இந்தக் கரையில் பாதி வீடு அப்படித்தானே தம்பி இருக்கிறது, மகன் அங்கே, தாய் படுக்கையில், மருமகள் பக்கத்தில், அதைப் பார்த்துத்தான் எழுதினேன், புண் மட்டும் நான் வைத்தது என்றேன். பிறகு, அவகிட்டக் குடுங்க என்றான். ஸ்பீக்கரை அணைத்து நீட்டினேன். அவள் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பேசிவிட்டானா என்றேன். நாளைக்குக் கூப்பிடுவதாகச் சொன்னானாம். ஊரும் இனி லாத்தாவைக் கூப்பிடும், தாளை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்றாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. செய்த அநியாயத்தை நானே சரிசெய்துவிட்ட நிம்மதியில், அவள் கொடுத்த டீயை உறிஞ்சிக் குடித்தேன். என்னைப் போன்றவர்களுக்கு நிம்மதி வெகு சீக்கிரம் வந்துவிடும்.

டம்ளரை வாங்கிக்கொண்டு, எழுந்து போகாமல் அவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா, புண்ணு இருந்துச்சு" என்றாள். "முதுகுலதான். நீங்க எழுதுன அளவுக்கே. ராவும் பகலும் புரட்டிப் புரட்டித்தான் போட்டேன். மருந்து வச்சேன். ஆறவே இல்ல. லாத்தா குளிப்பாட்டையில பாத்திருப்பாகல்ல. வெளிய வந்து, கூடியிருந்த அத்தன பொம்பளைக முன்னாலயும் எங்கையப் பிடிச்சு, நீ மாமிய நல்லாப் பாத்துக்கிட்டேன்னு சொன்னாக."

நான் எடுத்த பையை மறுபடி கீழே வைத்தேன்.

"இத்தன நாளும் நான் அவுக வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். புண்ணு இருந்துச்சுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, ஊரு கோவமெல்லாம் எம்மேல திரும்பி அவுக பேரு பொழச்சிருக்கும், எம்பேரு போயிருக்கும்." டம்ளரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். "இத எங்கயும் எழுதிப் போட்டுறாதீக, அக்கா."

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.